கழிவு மிட்டாய்

முத்து முகம்மது பாய் தன் மகளைப் பெண் பார்க்க வந்த பையனின் தலையைத் தட்டிப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னார் என்று ராஜபாளையத்தில் பேசிக்கொள்வார்கள். நம் ஆட்களுக்கு எதையும் கூட்டிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. தலையை அல்ல, முதுகைத்தான் தட்டினார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “நல்ல காய்தான்” என்றார். மண்டிக்கு பில் புத்தகம் கொடுக்கப் போன நான் அன்று அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் கண்ணால் பார்த்தது.

என் பெயர் வைகுந்த். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்னால் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். பாயைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. எழுதினாலும் தப்பாக எழுதுவார்கள். அந்த எரிச்சலில்தான் நானே எழுதுகிறேன்.

பாய்க்கு வேலை, ராஜபாளையம் சமுத்திரம் மண்டியில் தேங்காய் தட்டுவது. வேறு ஒன்றும் இல்லை. உரித்த காய் குட்டி யானை வேனில் வந்து குவியும். பாய் சாக்கை விரித்து உட்காருவார். வலது கையில் எப்போதும் ஒரு காய் இருக்கும், அது அவருடைய கைக்காய். இடது கையில் புதுக் காயை எடுத்து வலது காதோரம் கொண்டுபோய்க் கைக்காயால் ஒரு தட்டு. ‘டங்’ என்றால் நல்லது. ‘டொக்’ என்றால் கழிவு. அழுகலோ, கண்ணுக்குத் தெரியாத வெடிப்போ, உள்ளே முளைத்ததோ, எதுவானாலும் அந்தக் காதுக்குத் தப்பாது. ஒரு நாளைக்கு மூவாயிரம் காய். அதில் இருபது இருபத்தைந்து கழியும்.

அந்த மண்டியில் இரண்டு வழக்கம் உண்டு. கழிந்த காய் தட்டுபவருக்கே சொந்தம், சாயங்காலம் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இது ஒன்று. இரண்டாவதுதான் பெரியது. அவர் தட்டிய காயை இன்னொருவர் தட்டிப் பார்க்கக் கூடாது. அப்படித் தட்டினால் அவரை நடுத்தெருவில் வைத்து அடித்ததற்குச் சமம். வியாபாரி தட்ட மாட்டான், விவசாயி தட்ட மாட்டான், மண்டிக்காரரே தட்ட மாட்டார். முப்பத்தொரு வருஷமாக யாரும் தட்டியதாகப் பேச்சில்லை.

அதற்குப் பாய் கொடுத்த விலை ஒரு வார்த்தை. சேர்ந்த முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: “ஒத்தக் காய் மாத்திச் சொன்னேன்னு தெரிஞ்சா, அன்னைக்கே எந்திரிச்சுப் போயிருவேன். யாரும் போகச் சொல்ல வேண்டாம்.” அவருக்குச் சொத்து என்று இருந்தது இந்த வார்த்தை ஒன்றுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கழிவு கூட ஆரம்பித்தது. இருபது நாற்பதானது, எண்பதானது. அடுத்த ஆடிக்குள் ஒரு நாளைக்கு இருநூறு காய் கழிந்தது. பாய்க்கே பயம் வந்தது. “மரத்துல ஏதோ சீக்கு. வேப்பம் புண்ணாக்கு வையுங்க, உப்பு வையுங்க” என்று விவசாயிகளுக்குச் சொன்னார். செண்பகத்தோப்பில் தென்னை வைத்திருக்கும் கருத்தம்மாள் அவர் பேச்சைக் கேட்டு மரத்துக்கு ஐந்து கிலோ புண்ணாக்கு வைத்தாள். மரம் அதுவரை காய்க்காத காய் காய்த்தது. அதையும் பாய் பாதிக்குப் பாதி கழித்தார்.

அதே சமயத்தில் பாய்க்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்பார். பள்ளிவாசலில் மைக் சரியில்லை, பாங்கு சொல்வது கேட்கவில்லை என்று மூன்று முறை போய்ச் சொன்னார். மூத்த மனிதர் சொல்கிறாரே என்று புது ஸ்பீக்கர் வாங்கிப் போட்டார்கள். தெருவே எழுந்து உட்கார்ந்தது. பாய் மட்டும் மறுநாளும் போய், “காசை வீணாக்கிட்டிய, பழசே தேவலை” என்றார். மண்டியில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், பாயும் பேசுகிறவர் வாயைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். அதனால் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் வந்தது அவர் மனைவி ரஹ்மத் பீவிக்கு. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முன்பெல்லாம் சாக்கில் வரும் கழிவை உடைத்துத் தேறியதைக் காயப்போட்டு எண்ணெய்ச் செக்குக்குக் கொடுப்பார். இப்போது உடைக்கிற காயெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தண்ணீர் இனித்தது. முதலில் அல்லாவின் கருணை என்று நினைத்தார். ஒரு மாதம் முழுக்கக் கருணை தொடரவும் பயந்துவிட்டார்.

“ஏங்க, மண்டியில நல்ல காயை எடுத்துட்டு வாரியளா?”

பாய்க்கு வந்ததே கோபம். “ஏட்டி, யாரைப் பாத்து என்ன கேக்க? இத்தனை வருசத்துல ஒத்தக் காயை மாத்திச் சொன்னவனா நான்?”

அக்கா உள்ளே போனார். மறுநாள் பாய் முகம் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது, பின்னால் நின்று இரண்டு காயை ஒன்றோடொன்று தட்டினார். பாய் திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். பாய் பக்கத்தைப் புரட்டினார். கடைசியாக எவர்சில்வர் தாம்பாளத்தைத் தூக்கித் தரையில் போட்டார். பூனை சுவரேறி ஓடியது. பாய் விளையாட்டுச் செய்தியில் இருந்தார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

இதை அக்கா என் அச்சகத்துக்கு வந்து சொன்னார். “அவியளுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மண்டிய விட்டு எந்திரிச்சிருவாக தம்பி. பொறவு இந்த மனுசன் எதுக்கு இருக்கணும்னு நெனைப்பாக. நீங்க எதை வேணும்னாலும் அடிங்க, இதை மட்டும் வெளிய அடிச்சிராதீங்க.” நான் சத்தியம் செய்துகொடுத்தேன். சத்தியம் செய்வது சுலபம். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இருநூறு நல்ல காய் தினமும் வீட்டுக்கு வந்தால் ஒரு பெண் என்ன செய்வாள்? ஊரில் ‘சேதமான காயை மதிப்புக் கூட்டி விற்பது எப்படி’ என்று இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அக்கா போனார். பயிற்சி கொடுத்த சார் ‘மதிப்புக் கூட்டு’ என்று நூற்று நாற்பது முறை சொன்னாராம், அக்கா விரல்விட்டு எண்ணியிருக்கிறார். ஆனால் கற்றுக்கொண்டும் வந்தார். சிரட்டையை எடுத்து, பழுப்புத் தோலைச் சீவி, வெந்நீரில் போட்டு எடுத்து, ஈரம் போகக் காயவைத்தால் சிக்கு வாடை வராது என்பதெல்லாம் அவருக்கு அங்கேதான் தெரிந்தது. கருப்பட்டிப் பாகில் துருவலைக் கிளறி, சுக்கு தட்டிப் போட்டு, வில்லை வில்லையாக ஒரு மிட்டாய் செய்தார். சீவிய தோலைப் பூண்டும் மிளகாயும் சேர்த்து இட்லிப் பொடியாக்கினார். மிட்டாயை வாயில் போட்டேன். பால்கோவா ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். வாயை மூடிக்கொண்டு இன்னொன்று எடுத்தேன்.

லேபிளில்தான் தகராறு. “கழிஞ்ச காயில செஞ்சதை நல்ல காயில செஞ்சதுன்னு வித்தா ஹராம்” என்று பாய் ஒரே பிடியாக நின்றார். அக்காவால் உண்மையைச் சொல்ல முடியாது. அதனால் நான் முட்டி மோதினேன். “பாய், கழிவுன்னா சாக்கடைதான் ஞாபகத்துக்கு வரும். எவன் வாங்குவான்?” பாய் அசையவில்லை. கடைசியில் அடித்துக் கொடுத்தேன்: ‘ரஹ்மத் கழிவு மிட்டாய். கழித்த காயில் மட்டுமே செய்தது.’ என் தொழில் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான லேபிள் அடித்ததில்லை; கொஞ்சமாவது மரியாதையாக இருக்கட்டுமே என்று பச்சை மையில் அடித்தேன்.

மிட்டாய் விற்றுப் பறந்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு கையில் பால்கோவாவும் மறு கையில் கழிவுமாகப் பஸ் ஏறினார்கள். காரில் வந்து இறங்கும் மதுரைக்காரர்கள், “ஒரிஜினல் கழிவுதானே?” என்று பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ராஜபாளையத்தில் ஒருவர் போட்டியாகக் கிளம்பி, முதல் தரக் காயில் அதே மிட்டாயைச் செய்து பாதி விலைக்கு விற்றார். “என்ன இருந்தாலும் கழிவு ருசி வரலை” என்று ஜனங்கள் அதைத் தொடவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அடுத்த ஐயாயிரம் லேபிளுக்கு ஆர்டர் வந்ததும் தலையில் அடித்துக்கொள்வதை நிறுத்தினேன்.

அக்காவுக்குக் கை நிறைந்தது, மனம் குறுகுறுத்தது. நல்ல காயைச் சும்மா வாங்கிச் சாப்பிடுகிறோமே என்று, கழிவுக்கும் விவசாயிகளுக்கு விலை கொடுக்க ஆரம்பித்தார். அதுவும் நல்ல காய்க்கு மண்டி கொடுப்பதைவிட ஒரு ரூபாய் கூட. பாய் அதைத் தர்மம் என்று நினைத்துப் பெருமைப்பட்டார். விளைவு என்ன? தங்கள் காய் கழிய வேண்டும் என்று விவசாயிகள் வேண்டிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

இந்த நேரம் பார்த்து என் சித்தப்பா பாஷ்யம் அந்த மிட்டாயைத் தின்றார்.

சித்தப்பா உணவு ஆராய்ச்சியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலை மட்டும்தான், அவர் அல்ல. வீட்டில் பூஜை அறையை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார். மிட்டாயை வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“வைகுந்த், இது கழிவுக் காயா? சான்ஸே இல்லை.”

சத்தியம் செய்தவன் என்ன சொல்ல முடியும்? “லேபிள்ல போட்டிருக்கே சித்தப்பா” என்றேன்.

“அப்போ இதுல பெரிய விஷயம் இருக்குடா.”

ஒரு வாரம் சோதனை செய்தார். அக்காவின் கழிவும் முதல் தரக் காயும் எல்லா அளவிலும் ஒன்றுபோல இருந்தன. சாதாரண மனிதன் என்றால், அப்படியானால் இரண்டும் நல்ல காய்தான் என்று முடித்திருப்பான். சித்தப்பா படித்தவர். அடிபட்ட காய்க்குள் வேதனையினால் ஏதோ இனிப்பு சுரக்கிறது, சேதம் கூடக் கூடச் சுவை கூடுகிறது என்று முடிவுக்கு வந்தார். கோடு போட்டுப் படம் வரைந்து, ஓய்வு பெற்ற ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து நடத்தும் தன் சங்கத்தின் கூட்டத்தில் வாசித்தார். கை தட்டினார்கள். பிறகு விவசாயிகளுக்கு ஒரு துண்டுப் பிரசுரம்: ‘நல்ல காயை ஒன்பது அடி உயரத்திலிருந்து மண் தரையில் மூன்று முறை போடவும்.’ அடித்துக் கொடுத்தவன் நான்தான். வேறு யார்?

செட்டியார்பட்டியில் மொட்டை மாடியிலிருந்து காய் போட்டார்கள். ஒருவர் ஒன்பது அடி போதாது என்று தண்ணீர்த் தொட்டி மேலே ஏறினார். செண்பகத்தோப்புப் பக்கம் தோப்பில் யானை புகுந்தால் முன்பு பட்டாசு வெடிப்பார்கள். இப்போது, “யானை மிதிச்ச காய், கூடப் போட்டுக் குடுங்க” என்று மண்டிக்கு வந்து நின்றார்கள். கருத்தம்மாளுக்குச் ‘சிறந்த சேதக் காய் உற்பத்தியாளர்’ என்று சித்தப்பாவின் சங்கம் ஒரு சான்றிதழ் கொடுத்தது. பொன் நிற ஓரம் போட்டுப் பிரமாதமாக அடித்திருந்தேன்.

பாய்க்குத்தான் இதெல்லாம் பொறுக்கவில்லை. “காயை அடிக்கலாமா? அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்று மண்டியில் சத்தம் போட்டார். வெடித்த காய் கண்ணுக்கே தெரியும், அதைத் தட்டக்கூட மாட்டார், தூர எறிவார்.

சித்தப்பா விடுவாரா? மண்டியிலேயே செயல்விளக்கம் என்று ஒரு நாள் குறித்தார். நாற்பது விவசாயிகள், ஓர் அதிகாரி, பந்தல், மைக். ஒரு பக்கம் ஒரு வாரம் முன்பே ஒன்பது அடியிலிருந்து போட்டுவைத்த காய் நாற்பது. மறு பக்கம் அன்று காலையில் பாய் தட்டிக் கழித்த காய் நாற்பது. இரண்டையும் எல்லோர் முன்னாலும் உடைத்துச் சேதத்தைக் காட்டுவது ஏற்பாடு. விஷயம் தெரிந்ததும் அக்கா எனக்குப் போன் செய்தார். “நான் பாத்துக்கிறேன் அக்கா” என்றேன். என்னத்தைப் பார்த்துக்கொள்வது? சித்தப்பாவைக் கெஞ்சினேன். விஞ்ஞானத்துக்குக் குறுக்கே நிற்காதே என்றார்.

முதல் குவியலை உடைத்தார்கள். பழுப்பு, புளிப்பு, நாற்றம். அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடினார். அடுத்து பாயின் குவியல். முதல் காய் வெள்ளை. இரண்டாவது வெள்ளை. பத்து, இருபது, நாற்பதும் வெள்ளை. ஓர் அழுகல் இல்லை, ஒரு கீறல் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பார்த்தேளா!” என்று மைக்கில் சித்தப்பாவின் குரல். “சேதம் கண்ணுக்கே தெரியலை! இதுதான் உயர்தரச் சேதம்!”

எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி குறிப்பு எடுத்தார். கருத்தம்மாள் விசில் அடித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பந்தலில் ஒருவருக்குக் கூடச் சந்தேகம் வரவில்லை.

ஒருவரைத் தவிர. பாய் எழுந்து வந்து எண்பது மூடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். பிறகு கழிவுச் சாக்கிலிருந்து உடைக்காத காய் ஒன்றை எடுத்து, வலது காதருகே வைத்துக் கைக்காயால் தட்டினார். தட்டும்போது அவர் காயைப் பார்க்கவில்லை. மண்டிக்காரர் சமுத்திரத்தின் முகத்தைப் பார்த்தார். சமுத்திரம் தலையைக் குனிந்துகொண்டார்.

சமுத்திரத்துக்கு இரண்டு வருஷமாகவே தெரியும். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் யாரும் இல்லாதபோது சாக்கிலிருந்து ஒரு காயை எடுத்துத் தட்டிப் பார்த்திருக்கிறார். மணி போல ஒலித்தது. அப்படியே திருப்பி வைத்துவிட்டார். கேட்காததையெல்லாம் பாய் கழித்துவிடுவதால், தேறிய குவியலில் ஓர் அழுகல்கூட வருவதில்லை. அந்தப் பெயரால் கல்யாணச் சமையல்காரர்களெல்லாம் இந்த மண்டிக்கே வந்தார்கள். பாதி அந்த ஆசை. மீதிப் பாதி, பாயிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பாய் கைக்காயைத் தராசில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். கை தட்டல் இன்னும் ஓயவில்லை.

வீட்டில் அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். “எம்புட்டு நாளா?” அக்கா மூன்று விரலைக் காட்டினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் என் அச்சகத்துக்கு வந்தார். “தம்பி, வண்டிய எடுங்க. அம்புட்டு பேருகிட்டயும் மாப்பு கேக்கணும்.” பின்னால் உட்காரவைத்துக்கொண்டு செண்பகத்தோப்புக்குப் போனேன். கருத்தம்மாள் தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாய் கையைக் கூப்பினார்.

“அம்மா, மூணு வருசமா நான் கழிச்சது அம்புட்டும் நல்ல காய். எனக்குக் காது போச்சு. தெரியாமக் கழிச்சுட்டேன். என்னைய மன்னிச்சிருங்க.”

கருத்தம்மாள் முகம் சுருங்கிவிட்டது. “என்ன பாய் இப்படிச் சொல்லுதீய? எங்காய் கழிவு இல்லையா?”

“இல்லம்மா. நல்ல காய்.”

“நான் என்ன தப்பு பண்ணுனேன்? படம் மாட்டி வச்சிருக்கேன் பாருங்க, சிறந்த சேதம்னு. சொந்தக்காரங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போறாக. இப்ப வந்து நல்ல காய்னு சொல்லி ஊருல என் மானத்த வாங்குதீயளே!” சொல்லிக்கொண்டே முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். பாய் திகைத்து என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். அழுகை நிற்பதாகத் தெரியவில்லை.

“சரிம்மா, அழாதிய. கழிவுதான். உங்க காய் சுத்தக் கழிவு” என்றார் பாய்.

அவள் மூக்கைச் சிந்திவிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். இப்படியே ஏழு தோப்பு. ஏழு பேரும் மன்னிப்பை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். திரும்பும் வழியில் பாய் என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்: “கேட்டாக் குடுக்க மாட்டேங்காக தம்பி. நான் எங்க போய் எறக்கி வைக்க?” அன்று அவரை நான் சிரித்துக் கிண்டல் செய்யவில்லை.

அக்காவும் நானும் சேர்ந்து அவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். வலது காது முழுதாகப் போய்விட்டது, இடதில் கால்வாசிதான் இருக்கிறது என்றார் டாக்டர். பிறகு கவை போல இருந்த ஓர் இரும்பைத் தட்டி, வலது காதருகே பிடித்தார். பாய் உதட்டைப் பிதுக்கினார். இடது காதருகே பிடித்தார். அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி தட்டி, இந்த முறை இடது காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் அழுத்தி வைத்தார். பாயின் கண் விரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்த ஒலி ஓயும் வரை கேட்டார்.

“நல்ல காய்” என்றார்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

காதில் மாட்டும் மிஷின் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். ஒரே நாளில் கழற்றிவிட்டார். “இதைப் போட்டா அம்புட்டுக் காயும் டங்குங்குது. இது மண்டிக்காரன் மிஷின்” என்றார். எலும்பு வழியாகக் கேட்கும் வழி அவருக்குத் தெரிந்துவிட்டது; இத்தனை நாள் தேறிய காயெல்லாம் கன்ன எலும்பில் பட்டதனால் கேட்டவைதான். மறுநாள் மண்டிக்குப் போனார். தராசில் அவர் வைத்த கைக்காய் அங்கேயே இருந்தது, சமுத்திரம் யாரையும் தொடவிடவில்லை. பாய் சாக்கில் உட்கார்ந்து, காயை எடுத்து இடது தாடை எலும்பில் அழுத்தி வைத்து, கைக்காயால் தட்டினார். தாடியெல்லாம் நார். வியாபாரிகள் சிரித்தார்கள். சாயங்காலம் வரை தட்டினார். கழிந்தது பதினான்கு. “உடைங்க” என்றார். பதினான்கையும் எல்லோர் முன்னாலும் உடைத்தார்கள். பதினான்கும் அழுகல். யாரும் சிரிக்கவில்லை.

பாயின் வார்த்தை திரும்பி வந்துவிட்டது. அக்காவின் மிட்டாய் செத்துவிட்டது.

பதினான்கு அழுகல் காயில் என்ன மிட்டாய் செய்வது? செக்குக்காரரே வேண்டாம் என்றார். ஆடிப்பூரத் தேருக்குப் பத்து நாள்தான் இருந்தது. கடைக்காரர்கள் போன் மேல் போன். மிட்டாய் கிளற வேலைக்கு வைத்த நான்கு பெண்கள் வேறு இருக்கிறார்கள். அக்கா கருத்தம்மாளிடமே நேராக, நல்ல விலை கொடுத்து ஆயிரம் காய் வாங்கி இறக்கினார். பாய் வாசலில் மறித்தார்.

“நல்ல காயைப் போட்டுக் கழிவுன்னு வித்தா ஏமாத்து.”

“இம்புட்டு நாளும் நல்ல காய்தானங்க போட்டோம்?”

“அப்ப அது கழிவு. நான் கழிச்சது. இப்ப யாரு கழிச்சா?”

அக்கா என்னைப் பார்த்தார். லேபிளை மாற்றிப் பார்க்கலாம் என்று ‘நல்ல காய் மிட்டாய்’ என்று ஐம்பது அடித்துக் கடையில் வைத்தேன். ஒரு பொட்டலம் போகவில்லை. ஒரு மதுரைக்காரர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது சாதாரணத் தேங்காய் மிட்டாய்ல” என்று வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அந்த ஆயிரம் காயும் முற்றத்தில் கிடந்தன. அக்கா காயோடும் பேசவில்லை, பாயோடும் பேசவில்லை. சித்தப்பா மட்டும் உற்சாகமாக இருந்தார், தாடையில் தட்டிய காய்க்கு வேதனை போதாது என்று அடுத்த கட்டுரையைத் தொடங்கியிருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மிச்ச லேபிளைக் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. பாய் முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். எதிரே அக்கா ஒரு காலி மூங்கில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். பாய் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்தார். தாடைக்குக் கொண்டுபோகவில்லை. முப்பத்தொரு வருஷமாகக் கொண்டுபோன இடத்துக்கே, அந்தச் செத்த வலது காதுக்கே கொண்டுபோனார். கைக்காயால் தட்டினார். காதைச் சாய்த்து, கண்ணை மூடி, உண்மையிலேயே கேட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட அவசரப்படவில்லை.

“கழிவு” என்று சொல்லி அக்காவிடம் கொடுத்தார்.

அடுத்த காய். அதே மாதிரி தட்டினார், அதே மாதிரி கேட்டார். “கழிவு.” அக்கா வாங்கிக் கூடையில் போட்டார். கூடை நிறைந்துகொண்டு வந்தது. அக்காவின் கன்னம் நனைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே இருந்தேன். ஒவ்வொரு காயும் எனக்கு டங், டங் என்று தெளிவாகக் கேட்டது.

ஒரு காயில் பாய் நிறுத்தினார். இன்னொரு தட்டு தட்டினார். பிறகு கண்ணைத் திறந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் இவனும் பொய் சொன்னவன்தான் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

“தம்பி, உமக்கு எப்படிக் கேட்டுச்சு?”

“தட்டுனது நீங்க பாய்” என்றேன். “நான் எப்படிச் சொல்ல முடியும்?”

பாய் தலையை ஆட்டினார். காயை அக்கா பக்கம் நீட்டினார்.

“கழிவு.”